இறங்கும்போது எந்த கியர்? மலைப்பாதையில் கார் ஓட்டுவது குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

வால்பாறை, கொல்லிமலை, உதகை என்று காரில் மலையேறக் கிளம்பும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்காகச் சேர்த்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பெரும்பாலானோர் ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இறங்குவதைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. மலைப்பாதையில் உண்மையான சோதனை இறக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்தக் கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

கேள்வி: ஓராண்டாகத் திருப்பூருக்குள்ளும் கோவை வரையிலும் கார் ஓட்டிவருகிறேன். வரும் விடுமுறையில் குடும்பத்துடன் வால்பாறைக்கு நானே ஓட்டிச் செல்ல விரும்புகிறேன். 40 கொண்டை ஊசி வளைவுகள் என்று சொல்லி வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகிய நான் போகலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: போகலாம், ஆனால் அதற்கு முன் ஒரு காரியத்தில் நீங்கள் தேறியிருக்க வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட காரை ஓரடிகூடப் பின்னால் சரியவிடாமல் மீண்டும் கிளப்பத் தெரிய வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் சற்றே எழும்புவதை உணர்ந்தபின் ஆக்சிலரேட்டரை மிதித்து, அதற்குப் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பது என்ற இந்த வரிசை, யோசிக்காமலேயே கைக்கும் காலுக்கும் வந்துவிட வேண்டும். ஊருக்குள் ஏதாவது ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், கூட்டமில்லாத காலை நேரத்தில், பழகிய ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். உங்கள் காரில் ஏற்றத்தில் தானாகப் பிடித்து நிறுத்தும் வசதி இருந்தாலும் அது சில விநாடிகளுக்குத்தான் பிடிக்கும் என்பதால், இந்தப் பழக்கம் வீணாகாது.

இனி வளைவுகளைப் பார்ப்போம். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால், எல்லாக் கொண்டை ஊசி வளைவுகளும் நமக்கு ஒன்றுபோல் இருப்பதில்லை. வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் போகிறோம். இடம் தாராளமாக இருக்கும், சாய்வும் குறைவாக இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்கிறோம்; திருப்பம் குறுகலாகவும் ஏற்றம் திடீரென்று செங்குத்தாகவும் ஆகிவிடும். புதிதாக ஓட்டுபவர்களின் வண்டி நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடப்பக்க வளைவில்தான். அதற்குக் காரணம், வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைக் குறைக்க முயல்வதாகும். கைகள் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் கிளட்சை மிதித்தால், வண்டி இழுவையை இழந்து நின்றுவிடும். வளைவு தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னதாகவே இரண்டாம் கியருக்கோ, வண்டியில் ஆட்கள் நிறைய இருந்தால் முதல் கியருக்கோ வந்துவிட்டு, அதே கியரில் வளைவைச் சீராகக் கடந்து, சக்கரங்கள் நேரான பிறகே அடுத்த கியரைப் பற்றி யோசியுங்கள்.

வலப்பக்க வளைவில் வேறொரு ஆபத்து உண்டு. அகலமாகச் சுற்றச் சோம்பல்பட்டு, நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கமாக வெட்டிப் போகும் வழக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. எதிரே வரும் வண்டி உள்வட்டத்தில் வருகிறது, அதற்கு ஒதுங்க இடமே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆசை வராது. வளைவுக்கு முன் ஒரு முறை ஹாரன் அடிப்பது நகரத்தில் அநாகரிகமாக இருக்கலாம். மலைப்பாதையில் அது கடமை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர்தான் என்றாலும் அதைச் சமவெளிக் கணக்கில் ஒன்றே கால் மணி நேரமென்று எண்ணாமல், இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆழியாறு அணையையும் குரங்கு அருவியையும் தாண்டி ஏற்றம் தொடங்கும். வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் இருப்பதால், இன்னும் எத்தனை வளைவுகள் மீதி என்று பின்னிருக்கைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். காலையில் சீக்கிரம் கிளம்பினால் சாலையில் கூட்டம் குறைவாக இருக்கும். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், அதை முதல் நாளே எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்; சோதனைச் சாவடியில் சிக்னல் தேடி நிற்க வேண்டியிருக்காது.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் கருகிய நாற்றம் வந்தது. சற்று நேரத்தில் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. எப்படியோ நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினேன். பேட், டிஸ்க் எல்லாம் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஏன் அப்படி ஆனது? (வாசகர், கரூர்)

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கோளாறே இல்லாத பிரேக்கும், இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் இப்படித்தான் கைவிடும். கொல்லிமலையின் அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பிரேக் ஆறுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும். ஆட்களோடும் பெட்டிகளோடும் சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது, அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதையும் வழியிலேயே எங்காவது செலவழித்துத் தீர வேண்டும். அது எவ்வளவு என்றால், அறை வெப்பத்தில் உள்ள சுமார் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான அளவு. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை ஏற்க இருப்பவை இரண்டே: ஒன்று என்ஜின், மற்றொன்று பிரேக். நீங்கள் நான்காம் கியரிலோ ஐந்தாம் கியரிலோ இறங்கினால் என்ஜின் ஏறக்குறைய ஒன்றுமே எடுத்துக்கொள்ளாது. பாரம் முழுவதும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும், உள்ளங்கை அகலம்கூட இல்லாத பிரேக் பேட்களின் மேல் விழும்.

அவ்வாறு சூடேறும்போது இரண்டு விதமாகப் பிரேக் தளரலாம். பேட்டின் உராய்வுத் திறன் குறைந்துபோனால், பெடல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும். பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். நீங்கள் சொல்லும் அடையாளம் இரண்டாவதுடன்தான் பொருந்துகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 3 வகையில் இந்த அளவுகள் 205, 140. பேட்டையும் டிஸ்க்கையும் பார்த்த மெக்கானிக், ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டாரா? பொதுவாக இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஆயில் அது. என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். டப்பாவில் அளவு குறையாமல் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவதே காரணம்.

ஆயிலை மாற்றிவிட்டு, இறங்கும் முறையையும் மாற்றுங்கள். பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு இன்றைக்கும் செல்லும்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இறக்கம் தொடங்கும் இடத்திலேயே, வேகம் கூடுவதற்கு முன்பே, இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைப்பது வண்டிக்கும் நல்லதல்ல, மனத்துக்கும் நல்லதல்ல. என்ஜின் சற்று உரக்க இரையும். அந்த இரைச்சலைக் கேட்டு, என்ஜின் கெட்டுவிடுமோ என்று பயந்து பலர் மேல் கியருக்குப் போய்விடுகிறார்கள். என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாகோமீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியும் வேகம் கூடினால், பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வருவதைத் தவிர்த்து, நன்றாக ஒரு முறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பிரேக்கிலிருந்து கால் விலகியிருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் டிஸ்க் ஆறுகிறது.

மீண்டும் ஒரு முறை பெடல் உள்ளே போனால், பெடலை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக மிதியுங்கள். சிறிதளவு அழுத்தம் கிடைக்கும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், அதன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக இழுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால், பள்ளத்தின் பக்கத்தை விட்டு மலையின் பக்கமாக ஒதுங்கி, மண்மேட்டிலோ பாறைச் சுவரிலோ உரசி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கதவு நசுங்கினால் சரிசெய்துகொள்ளலாம். நிறுத்திய பிறகு சூட்டைத் தணிக்கிறோம் என்று டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் அது வளைந்துவிடக்கூடும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று என் நண்பர் ஏற்காட்டிலிருந்து சேலம் வரை அப்படியே வருகிறார். இது சரியா? (வாசகர், சேலம்)

பதில்: ஆபத்து மட்டுமல்ல, மிச்சமும் இல்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுவதால், கணினி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, என்ஜின் அணைந்துவிடாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் செலவாகும். உங்கள் நண்பர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு செலவழிக்கிறார். போதாக்குறைக்கு 20 வளைவுகளின் பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் என்ஜினையே அணைத்துவிடுவதாகவும் கேள்வி. அப்போது பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கின் உதவியும் போய்விடும். சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும். அவருடன் காரில் போக வேண்டாம் என்பதே என் யோசனை.

கேள்வி: குறுகலான இடத்தில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எதிர்ப்பட்டால் யார் ஒதுங்க வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: இறங்கும் வண்டிதான். இரு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைச் சாலையில், ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்றும், இறங்கி வருபவர் ஓரமாக நிறுத்தி வழிவிட வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதற்கு முந்தைய 1989-ஆம் ஆண்டு விதியும் அதுவே. நின்றுவிட்ட பாரவண்டியை ஏற்றத்தில் மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே இதன் பின்னுள்ள காரணம். ஆனால் அரசுப் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற விதியையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அதன் நீளத்துக்கு முழுச் சாலையும் தேவைப்படும். வளைவுக்குச் சற்று முன்பாகவே ஓரமாக நின்று, அது முழுவதுமாகத் திரும்பி வெளியே வரும்வரை காத்திருங்கள். வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டுப் பிறகு பின்னால் எடுக்க முயல்பவர்களால்தான் விடுமுறை நாட்களில் மலைச் சாலை மணிக்கணக்கில் அடைபடுகிறது.

கேள்வி: எங்களுடையது மின்சாரக் கார். உறவினர் வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் கியர் கார். இரண்டையும் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போகத் திட்டம். கியரே இல்லாத வண்டியில் கியரைக் குறைப்பது எப்படி? (வாசகர், சென்னை)

பதில்: உறவினரின் காருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் காரை ‘டி’யிலேயே வைத்து இறங்கினால், நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் அது எரிபொருள் சிக்கனம் கருதி மேல் கியருக்குப் போய்விடும். ஆகவே ‘எல்’, ‘2’, ‘எஸ்’ என்று கியர் லீவரில் எது இருக்கிறதோ அதையோ, கூட்டல் கழித்தல் குறியிட்ட மேனுவல் முறையையோ பயன்படுத்த வேண்டும். அந்தக் கார் வாங்கிய நாள் முதல் அந்த எழுத்துகளை ஒரு முறைகூடத் தொடாதவர்கள் ஏராளம். வத்தலக்குண்டைத் தாண்டுவதற்குள் ஒரு முறை போட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மின்சாரக் கார் மலைக்கு மிகவும் ஏற்ற வண்டி என்பது என் கருத்து. 1.6 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு, சமவெளியில் ஆகும் செலவுக்கு மேல் ஏறக்குறைய நாலரை யூனிட் மின்சாரமும், மோட்டார் முதலியவற்றில் ஏற்படும் இழப்புக்காக இன்னும் சற்றும் ஆகும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் பத்து யூனிட்டை ஏற்றத்துக்கென்றே தனியாக ஒதுக்கிவையுங்கள். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும், பிரேக்கும் சூடாகாது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் மேலும் மின்சாரம் ஏறாது என்பதால், மோட்டார் வண்டியை இழுத்துப்பிடிக்கும் சக்தி பெரிதும் குறைந்து, நீங்கள் சாதாரணப் பிரேக்கையே நம்ப வேண்டியதாகிவிடும். எண்பது சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருப்பதையும், 2025 முதல் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பு விதிக்கப்பட்டிருப்பதையும் மறவாமல் தேதியைத் தீர்மானியுங்கள்.

கேள்வி: ஐந்தாவது வளைவுக்குள் என் மகள் வாந்தி எடுத்துவிடுகிறாள். மாத்திரை கொடுத்தால் நாள் முழுக்கத் தூங்குகிறாள். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உடம்பு திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது, முன்னிருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது. ஆகையால் மகளைக் கண்ணாடி வழியே தொலைவில் தெரியும் சாலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வயதும் உயரமும் இடம் கொடுத்தால் சீட் பெல்ட்டுடன் முன்னிருக்கையில் உட்கார வையுங்கள். கைப்பேசியும் புத்தகமும் அடிவாரத்திலேயே பைக்குள் போய்விட வேண்டும். பொள்ளாச்சியில் வயிறு முட்டப் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் தவறு, வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு. இரண்டு இட்லி போதும். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுபவர் மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது. கடைசியாக, வளைவுகளை எடுக்கும் முறைக்கும் வாந்திக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிக்காமல் ஒரே சீராக ஓட்டினால், பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். இதை ஓட்டுபவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வால்பாறைச் சாலையில் கவர்க்கல் பகுதியில் பத்தடி தூரம்கூடத் தெரியாத பனிமூட்டத்தில் சிக்கிக்கொண்டோம். முன்விளக்கைப் பிரைட்டில் வைத்தும் பயனில்லை. என்ன செய்திருக்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: பிரைட்டில் வைத்ததால்தான் பயனில்லாமல் போயிற்று. மலையில் நாம் பனிமூட்டம் என்று சொல்வது பெரும்பாலும் சாலையைத் தழுவிப் போகும் மேகமே; அதிலுள்ள நுண்துளிகள் பிரைட் வெளிச்சத்தை அப்படியே நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிடும். டிம்மில் வைத்து, பனி விளக்கு இருந்தால் அதையும் போட்டு, சாலையின் இடது ஓரத்திலுள்ள வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கையே வழிகாட்டியாகக் கொண்டு ஒட்டிப் பின்தொடர்வது எளிதாகத் தோன்றும். அவர் திடீரென்று நின்றால் உங்களுக்கு நிற்க இடமிருக்காது. உள்பக்கம் கண்ணாடியில் ஆவி படிந்தால், துணியால் துடைத்துக்கொண்டிராமல் ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கும் மேல் ஒன்றும் தெரியவில்லையென்றால், வளைவில்லாத அகலமான இடமாகப் பார்த்துச் சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு நின்றுவிடலாம். மேகம் நகரக்கூடியதுதான்.

கேள்வி: உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் தூரம் பாதிதான் என்று கைப்பேசி வரைபடம் காட்டுகிறது. எல்லோரும் ஏன் கூடலூர் சுற்றிப் போகிறார்கள்? (வாசகர், புதுச்சேரி)

பதில்: அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கமோ மிகச் செங்குத்து. இரண்டாம் கேள்விக்கான பதிலில் சொன்ன காரணத்தால் பிரேக் பிடிக்காமல் போய், வெளியூர் வண்டிகள் அடுத்தடுத்து விபத்துக்குள்ளானதை அடுத்து, வெளிமாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகள் கல்லட்டி வழியாக இறங்குவதற்குக் காவல் துறை தடை விதித்திருக்கிறது. மசினகுடியிலிருந்து ஏறி வருவதற்குத் தடையில்லை. ஏற்றத்துக்கு அனுமதியும் இறக்கத்துக்குத் தடையும் என்ற இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நண்பர்கள், அதன் பொருளைச் சற்று யோசிக்கலாம். வரைபடச் செயலிக்குத் தூரம் தெரியும், சாய்வு தெரியாது.

கேள்வி: மைசூரு, சாமராஜநகர் வழியாகத் திரும்பும்போது இரவாகிவிட்டால் காட்டுப் பாதையில் போகலாமா? யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலைகள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும், இது 2009 முதல் உள்ள தடை. பண்ணாரிக்கும் ஆசனூருக்கும் இடையே 27 வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. எனவே சூரியன் மறைவதற்குள் காட்டைக் கடந்துவிடும்படி மைசூருவிலிருந்து கிளம்புங்கள். சட்டம் அனுமதிக்கும் நேரமாக இருந்தாலும், அந்திப் பொழுதில்தான் யானைகள் சாலைக்கு வருகின்றன. எதிர்ப்பட்டால் தொலைவிலேயே நிறுத்திவிடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். அது உங்களை நோக்கி வந்தால் நிதானமாகப் பின்னால் எடுங்கள். குட்டியுடன் இருக்கும் கூட்டத்தின் நடுவே இடைவெளி தெரிகிறதென்று புகுந்து போவதும், படம் பிடிப்பதற்காகக் கீழே இறங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

கேள்வி: நாங்கள் சூரிச்சில் வசிக்கிறோம். இலங்கையில் கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் 18 வளைவுப் பாதையில் முன்பு வாகனம் ஓட்டியிருக்கிறேன். இந்தக் கோடையில் கிரிம்செல், ஃபுர்கா, சுஸ்டன் ஆகிய மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் சுற்றிவர முடியுமா? (வாசகர், சுவிட்சர்லாந்து)

பதில்: முடியும். கிரிம்செல் 2,164 மீட்டர், சுஸ்டன் 2,224 மீட்டர், ஃபுர்கா 2,429 மீட்டர். மூன்றும் பனிக்காலத்தில் மூடிக்கிடந்து, பொதுவாக ஜூன் மாதத்தை ஒட்டித்தான் திறக்கப்படுகின்றன. ஆகையால் கிளம்பும் அன்று காலையில் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வலப்பக்கமாக ஓட்டுவதால், மேலே திருப்பூர் வாசகிக்குச் சொன்னது உங்களுக்குத் தலைகீழாகும்: வலப்பக்கம் திரும்பும் வளைவே குறுகலானது. நீலப் பலகையில் மஞ்சள் நிற ஊதுகொம்பு வரைந்திருந்தால், அது அஞ்சல் பேருந்து செல்லும் மலைப்பாதை. அங்கே கடப்பதிலோ ஒதுங்குவதிலோ சிக்கல் வந்தால் பேருந்து ஓட்டுநரின் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மூன்று சுரங்களில் அவர்கள் ஒலிக்கும் ஹாரன் வளைவுக்கு அப்பாலிருந்து கேட்டால், அங்கேயே ஒதுங்கி நில்லுங்கள்.

கேள்வி: வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் நிற்கும் என்கிறார்கள். சாய்வான சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு அணையும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் விரிந்து தெரியும், நம் மாநில விலங்கான வரையாடு சில நாட்களில் தடுப்புச் சுவரின் மேலேயே வந்து நிற்பதும் உண்மைதான். காட்சிமுனையில் ஒதுக்கியுள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ஆட்டைக் கண்டவுடன் வளைவின் நடுவிலேயே பிரேக் போடாதீர்கள். அதற்குத் தின்பண்டம் எதுவும் கொடுக்க வேண்டாம். சாய்வில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரையும் போட்டுவையுங்கள்: வண்டியின் முகம் மேல்நோக்கி இருந்தால் முதல் கியர், கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ். வண்டி உருண்டாலும் பள்ளத்துக்குப் போகாமல் மலையின் பக்கமே போய் முட்டும்படி முன்சக்கரங்களைத் திருப்பிவையுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல்லை அடைகொடுப்பதும் நல்லதே. ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பனிமூட்டத்தில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அது தெரியாது.